புரி பிரிக்கும் நொதி

இருபுரிக் கயிறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் தோழியர் இருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, நடுவிலே விரலை நுழைத்துப் புரிகளைப் பிரித்துப் பாருங்கள். விரல் நுழைந்த இடத்தில் ஒரு கண் விழும். அதன் இரு பக்கங்களிலும் முறுக்கு முன்னைவிட இறுகும். விரலை எடுத்ததும் கண் மூடிக்கொள்ளும். சடையை உவமையாகச் சொல்லலாமே என்று நம் வகுப்பில் சிலர் கேட்டனர். சடைக்கு மூன்று கால், டி.என்.ஏ.வுக்கோ இரண்டே புரி. ஆகவே கயிறே பொருந்தும்!

பாக்டீரியாவின் மரபுச் செய்தி இத்தகைய முறுக்கிய கயிறாகிய டி.என்.ஏ.வில் எழுதப்பட்டுள்ளது. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசைன் என்ற நான்கே எழுத்துகள். அவை புரிகளின் உட்பக்கத்தில் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பதால், புரியைப் பிரிக்காமல் அவற்றைப் படியெடுக்க இயலாது. பிரித்து, படித்து, ஆர்.என்.ஏ. என்னும் நகலை எழுதித் தருவது ஆர்.என்.ஏ. பாலிமெரேஸ் என்ற நொதி. காசநோயை ஒழிக்கும் மாத்திரைகளுள் தலையாயது இந்த நொதியின் மீதே வேலை செய்கிறது. எனவே இதனை அறிந்துகொள்வது மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் உரிய காரியம் என்று ஒதுக்க வேண்டாம்.

காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்து இணைகள் உள்ளன. அத்தனையிலும் எந்த இடத்தில் விரலை நுழைப்பது என்று நொதிக்கு எப்படித் தெரியும்? இதற்கு விடை கிடைத்த கதை சுவையானது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த ரிச்சர்டு பர்கஸ், ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் நொதியை மேலும் மேலும் தூய்மைப்படுத்தினார். தூய்மை கூடியபோது வைரஸ் டி.என்.ஏ. ஒன்றைப் படியெடுக்கும் திறன் குறைந்துபோயிற்று! வடிகட்டும்போது ஒரு சிறு புரதம் பிரிந்து போயிருந்தது. அதைத் திரும்பச் சேர்த்ததும் திறனும் திரும்பியது. பர்கஸும் டிராவர்ஸும் உடன் உழைத்தவர்களும் 1969இல் வெளியிட்ட இக்கண்டுபிடிப்பில், அந்தப் புரதத்திற்குச் சிக்மா என்று பெயரிட்டனர். தொடங்கும் இடத்தைக் காட்டித் தருவது சிக்மாவே.

தொடங்கும் இடத்தைப் புரோமோட்டர் என்பர். ஈ. கோலையில் படியெடுப்புத் தொடங்கும் எழுத்துக்குச் சுமார் 35 எழுத்து முன்னால் ஓர் அடையாளமும், சுமார் 10 எழுத்து முன்னால் மற்றோர் அடையாளமும் உண்டு. இரண்டாவது அடையாளம் பெரும்பாலும் தைமின், அடினைன், தைமின், அடினைன், அடினைன், தைமின் என்ற வரிசையை ஒட்டி அமையும். அடினைனும் தைமினும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் சேர்ந்தவை. குவானைனும் சைட்டோசைனும் மூன்றால் சேர்ந்தவை. ஆகவே கயிறு எங்கே நெகிழ்வாக இருக்கிறதோ அங்கேதான் கண் விழுகிறது. போதாததற்கு, பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை இயல்பைவிடச் சற்று முறுக்குக் குறைவாகவே வைத்திருக்கிறது. அதுவும் பிரிவதற்குத் துணை.

சரி, பிரிப்பது எவ்வாறு? இந்நொதியின் வடிவம் நண்டின் கொடுக்கை ஒத்தது. பிச்சாவரம் பக்கத்து நண்டுகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிக்மா அடையாளங்களைப் பற்றிக்கொள்ள, டி.என்.ஏ. வளைந்து கொடுக்கின் இடைவெளிக்குள் இறங்குகிறது. நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஃபெக்லிஸ்டோவ், டார்ஸ்ட் என்ற இருவரும் 2011இல் காட்டியது இன்னும் அழகானது. மேற்சொன்ன ஆறு எழுத்துகளில் இரண்டாவதாகிய அடினைனும் ஆறாவதாகிய தைமினும் தம் இணையை விட்டு வெளியே புரண்டு, சிக்மாவிலுள்ள இரு குழிகளில் போய் அமர்ந்துகொள்கின்றன. குழியில் அமர்ந்தவை எளிதில் திரும்புவதில்லை. இவ்வாறு ஏறத்தாழ 13 இணைகள் பிரிந்து கண் முழுதாகத் திறக்கிறது. நம் உடலின் செல்களில் இதே வேலைக்கு ஏ.டி.பி. என்னும் எரிபொருளைச் செலவழிக்கும் தனிப் புரதம் ஒன்று உண்டு. பாக்டீரியாவின் நொதியோ சிக்மாவின் பிடிமானத்தைக் கொண்டே திறந்துவிடுகிறது. எவ்வளவு சிக்கனம் பாருங்கள்!

காசநோய்க் கிருமிக்கு இது அவ்வளவு எளிதாக இல்லை. அதன் நொதி திறந்த கண் விரைவில் மூடிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் ஈ. கோலையில் இல்லாத கார்-டி, ஆர்.பி.பி.ஏ. என்னும் இரு துணைப் புரதங்கள் அதற்கு வேண்டியுள்ளன. மரம் பிளப்பவர் வெடிப்பு மூடாதிருக்க ஆப்பு வைப்பதைப் பார்த்திருப்போம். கார்-டி தன் உறுப்பு ஒன்றைக் கண்ணின் விளிம்பில் அப்படியே ஆப்பாக வைக்கிறது. ஆப்பு இல்லாவிட்டால் கிருமி வாழாது. ஆப்பைத் தட்டிவிடும் மருந்தை யாரேனும் கண்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இப்போதுள்ள ரிஃபாம்பிசின் ஆப்பைத் தொடுவதில்லை. கண் திறப்பதையும் தடுப்பதில்லை. புதிய ஆர்.என்.ஏ. வெளியே நீள வேண்டிய வழியில் அது குந்திக்கொள்கிறது. இரண்டு மூன்று எழுத்துகள் எழுதியதும் நகல் முட்டி நின்றுவிடுகிறது. கதவைத் திறந்தும் வாசலைத் தாண்ட முடியாத நிலை! நம் செல்களின் நொதிகளில் அது அவ்வாறு பிடித்துக்கொள்வதில்லை. ஆகவே கிருமி சாக, நோயாளி பிழைக்கிறார்.

இதில் நம் மாநிலத்திற்கும் பங்குண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், வீட்டிலிருந்தே மருந்து உண்பவர்களும் சானடோரியத்தில் தங்குபவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அந்நாளில் ஓராண்டு மருந்துண்ண வேண்டியிருந்தது. பின்னர் ரிஃபாம்பிசின் சேர்ந்த குறுகிய காலச் சிகிச்சைகளும் அங்கே சோதிக்கப்பட்டன. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் போதும்.

ஆனால் அந்த ஆறு மாதத்தில் எத்தனை சோதனை! நமக்குத் தெரிந்த ஒரு பாட்டி, சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு அஞ்சி மாத்திரையை எறிந்துவிட இருந்தார். அது மருந்தின் நிறமே, கண்ணீரும் செந்நிறமாகலாம் என்று நர்ஸம்மா விளக்கிய பிறகே தொடர்ந்தார். இடையில் நிறுத்தினால், மருந்துக்குத் தப்பும் கிருமிகள் பெருக வழியாகும். அவற்றின் நொதியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே போதும்; ரிஃபாம்பிசினுக்குக் குந்த இடம் கிடைக்காது. இத்தகைய மாற்றங்களில் ஏறத்தாழ 95 விழுக்காடு, ஆர்.பி.ஓ.-பி என்ற மரபணுவின் 81 எழுத்து நீளமுள்ள சிறு பகுதியிலேயே நிகழ்கின்றன. ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி நோயாளியின் சளியை எடுத்துக்கொண்டு அந்த 81 எழுத்துகளைத்தான் தேடிப் பார்க்கிறது. மருந்து கேட்குமா கேட்காதா என்று சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது.