முகூர்த்தம் கடந்தபின் நாடவேண்டிய இடம்



திருமண மண்டபம், சமையல், பந்தல், புகைப்படம் ஆகியவற்றுக்கு முன்பணம் பெற்றவர் சொன்னபடி செய்யாதபோது, கொதித்துப்போன குடும்பத்தார் காவல் நிலையத்தை நாட நினைப்பது இயல்பு. ஆயினும் இந்தியாவில் இத்தகைய தகராறுக்கு உரிய இடம், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமாகும். வாக்குத் தவறியதனாலேயே ஒருவர் மோசடிக் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்டினால்தான் குற்ற வழக்கு நிற்கும். ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தைத் தெரிந்தே இரு வீட்டாருக்குப் பதிவு செய்தவர்மீது அவ்வாறு காட்டுவது ஓரளவு எளிது, சாம்பார் தீர்ந்துபோன பந்திக்காகக் காட்டுவது அரிது.

ஆணையம் ஆராய்வது ‘சேவைக் குறைபாடு’ உண்டா என்பதை. சட்டமோ ஒப்பந்தமோ வேண்டும் தரத்திலும் செய்முறையிலும் நேரும் குறையே அது. ஐந்நூறு இலைக்குப் பேசி முந்நூறோடு சாப்பாடு முடிந்ததென்றால் குறைபாடு எண்ணிக்கையிலேயே தெரியும். ‘அலங்காரம் அழகாக இல்லை’ என்னும் மனக்குறையோ, எந்தப் பூ, எத்தனை சரம் என்று எழுதி வாங்காதவரை, வாய்ப்பேச்சாகவே நின்றுவிடும். ஆகவே ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் செய்தி, அன்றைய படங்கள் ஆகியவற்றின்மீதே வழக்கு நிற்கிறது. நம் குடும்பங்களில் தெரிந்தவரிடம் எழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதால், இழப்பவர்களும் பெரும்பாலும் தெரிந்தவரிடமே இழக்கிறார்கள்.

‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அது வாடிக்கையாளர் பின்வாங்கும் நிலைக்கு எழுதப்படுவது. உரிமையாளர் தம் தவறுக்கே அதைக் கேடயமாகப் பிடிப்பது எளிதில் எடுபடாது. தந்தை பணம் கட்டியிருந்தாலும், அவர் இசைவோடு சேவையின் பயனைப் பெறும் மகளும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே என்பது பலர் அறியாதது.

முதலில், குறையையும் கேட்கும் தொகையையும் குறித்துத் தபாலில் அறிவிப்பு அனுப்புவது நல்லது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாகச் சமரசத்துக்கும் முயலலாம். அது பலிக்காவிடில், பிணக்கு எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் அளிக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம்வரை கட்டணமில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பினர் 30 நாட்களில் பதிலளிக்க வேண்டும், மேலும் 15 நாட்களே நீட்டிப்பு உண்டு.

நடந்து முடிந்த திருமணத்தை எவராலும் மறுபடி நடத்தித் தர முடியாதாகையால், பணத்தைத் திருப்பித் தருதல், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று பணமாகவே தீர்வு அமையும். ஆணையை மதியாதவருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டுகள்வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.