தண்டுவடக் காயமும் குளூட்டமேட் ஏற்பிகளும்

என் பெரியப்பா பனையேறுபவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் மரத்திலிருந்து தவறி விழுந்தார். ஓடிச்சென்று தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஒருவர் தோளைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, சரக்கு ஆட்டோவில் ஏற்றினோம். அன்று மாலைவரை கால்விரல்களைச் சற்றே அசைத்தார். மறுநாள் அதுவும் நின்றுவிட்டது. "விழுந்தது நேற்று, கால் போனது இன்றைக்கா?" என்று பெரியம்மா கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. விலங்கியல் வகுப்பில் நரம்பு மண்டலம் பயின்ற பின்னரே விடையின் ஒரு பகுதி விளங்கிற்று. அதை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு காயங்கள்

வளர்ந்த மனிதரின் தண்டுவடம் ஏறத்தாழ 45 செ.மீ. நீளமுள்ளது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன. முதுகெலும்பு முறிந்து தண்டுவடத்தை நசுக்குவது முதற்காயம். அது நொடியில் முடிந்துவிடும். அதன்பின் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் உள்ளுக்குள்ளேயே பரவும் அழிவு இரண்டாம் காயம் எனப்படும். இரத்தக் கசிவு, வீக்கம், இரத்த ஓட்டக் குறைவு ஆகியவற்றுடன் குளூட்டமேட்டும் இதற்குக் காரணமாகிறது.

பூட்டும் சாவியும்

குளூட்டமேட் நஞ்சன்று. ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லைத் தூண்டுவதற்கு அனுப்பும் தூதுப்பொருள்களில் முதன்மையானது அதுவே. அது சாவி என்றால் ஏற்பிகள் பூட்டுகள். ஆம்பா, கெய்னேட், என்.எம்.டி.ஏ. என்னும் மூவகை ஏற்பிகள் அயனிகளுக்கு வழிவிடும் வாயில்கள்.

ஆம்பா ஏற்பி திறந்ததும் சோடியம் அயனிகள் செல்லினுள் நுழைகின்றன. என்.எம்.டி.ஏ. ஏற்பியோ எளிதில் திறவாது. அதன் வழியில் மக்னீசியம் அயனி ஒரு தாழ்ப்பாளாக நிற்கிறது. குளூட்டமேட்டும் கிளைசினும் வந்து சேர, செல்லின் மின்னழுத்தமும் மாறினால்தான் தாழ்ப்பாள் விலகிக் கால்சியம் நுழையும். வேலை முடிந்ததும் அருகிலுள்ள தாங்கு செல்கள் எஞ்சிய குளூட்டமேட்டை உறிஞ்சிக்கொள்ளும்.

அடிபட்ட பின்

நரம்புச் செல்லுக்கு வெளியே இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு குளூட்டமேட் உள்ளே இருக்கிறது. செல்கள் நசுங்கியதும் அது வெளியே கொட்டுகிறது. ஆற்றலிழந்த தாங்கு செல்களால் அதை உறிஞ்ச முடிவதில்லை. ஏற்பிகள் திறந்தபடியே நிற்க, கால்சியம் வெள்ளமெனப் புகுகிறது. புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் விழித்தெழுகின்றன, மைட்டோகாண்டிரியா செயலிழக்கிறது, செல் மடிகிறது. மடிந்த செல்லின் குளூட்டமேட் அண்டைச் செல்லைத் தாக்குகிறது. ஒரு கூரையில் பிடித்த தீ அடுத்த கூரைக்குத் தாவுவது போன்றதே இது. ஜான் ஓல்னி என்னும் அமெரிக்க அறிஞர் இதனைக் 'கிளர்ச்சி நச்சுத்தன்மை' என்னும் பொருள்படப் பெயரிட்டார். நரம்பிழைகளுக்கு மயலின் உறை தரும் செல்களிலும் ஆம்பா, கெய்னேட் ஏற்பிகள் இருப்பதால் அவையும் தப்புவதில்லை.

மருந்து உண்டா?

ஏற்பிகளை அடைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். விலங்குகளில் அது பலன் தந்தது. ஆனால் நினைவுக்கும் மூச்சுக்கும் அதே ஏற்பிகள் தேவை. முழுவதும் அடைக்க இயலாது. குளூட்டமேட் வெளியேறுவதைக் குறைக்கும் ரிலுசோல் என்னும் மருந்தைத் தண்டுவடக் காயமுற்றோருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023 இல் வெளிவந்தது. எதிர்பார்த்த முதன்மைப் பலன் உறுதிப்படவில்லை. மருந்து செலுத்தக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. குளூட்டமேட் பல காரணங்களுள் ஒன்று மட்டுமே.

முடிவுரை

பெரியப்பாவின் விரல்களை நிறுத்தியது நாங்கள் தூக்கிய முறையா, இரண்டாம் காயமா, இரண்டுமா என்று இன்று சொல்ல இயலாது. ஆனால் இரண்டாம் காயத்தைத் தடுக்க மருந்து வரும்வரை, முதற்காயத்தைப் பெரிதாக்காமல் இருப்பது நம் கையில் உள்ளது. உயரத்திலிருந்து விழுந்தவரை உட்கார வைக்காதீர்கள், மடக்கித் தூக்காதீர்கள். 108 ஐ அழையுங்கள். தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கப் பலகையில் கிடத்தியே கொண்டு செல்ல வேண்டும். இது எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய பாடம்.

— மூன்றாம் ஆண்டு, விலங்கியல்