பழைய பிக்கப் வண்டிக்கு ஏற்ற டயர், ஸ்பிரிங்

சிறுமலை, கொல்லிமலை, ஜவ்வாதுமலை போன்ற பகுதிகளில் தோட்டத்து விளைபொருளைத் தார்ச்சாலை வரை கொண்டு வந்து சேர்க்கப் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகளும் பிக்கப் வண்டிகளும் பெரிதும் உதவுகின்றன. மழையில் வண்டி ஏற மறுத்தாலும், கல்பாதையில் ஸ்பிரிங் பட்டை உடைந்தாலும் பறித்த காய் தோட்டத்திலேயே தங்கிவிடும். இதற்குப் பயந்து பட்டை சேர்ப்பது, பெரிய டயர் மாட்டுவது, வண்டியை உயர்த்துவது என்று எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்து பணத்தை வீணாக்க வேண்டாம். எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று அறிந்து செய்தல் நலம்.

முதலில் செய்ய வேண்டியவை

வண்டியைக் காலியாக ஒரு முறையும், வழக்கமான பாரத்துடன் ஒரு முறையும் எடை மேடையில் நிறுத்தி எடை பார்க்கவும். பாரத்துடன் உள்ள எடை, ஆர்.சி. புத்தகத்தில் குறித்துள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது. ஸ்பிரிங்கையும் டயரையும் பலப்படுத்தினாலும் இந்த அளவு கூடாது. ஏனெனில் பிரேக், அச்சு, ரிம், சேஸ் ஆகியவை பழையபடியேதான் உள்ளன. இறக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டியது பிரேக்தான் என்பதை மறக்கலாகாது.

அடுத்து ஸ்பிரிங் புஷ், ஷேக்கிள், யூ போல்ட், சென்டர் போல்ட் ஆகியவற்றைச் சோதிக்கவும். பழைய வண்டி ஒரு பக்கம் சாய்வதற்கும், ஸ்டியரிங் ஆடுவதற்கும் இவற்றின் தேய்மானமும் காரணமாக இருக்கும். சிறிய செலவில் இவற்றை மாற்றிய பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

டயர் தேர்வு

தரையைத் தொடுவது டயர் ஒன்றே. எனவே முதல் பெரிய செலவு டயருக்கே இருக்கட்டும்.

கரிசல், களிமண் பாதையில் செல்வோர், பட்டன்களுக்கிடையே அகன்ற இடைவெளி உள்ள டயரை வாங்கலாம். சக்கரம் சுற்றும்போது சேறு தானே உதிர்ந்துவிடும். ஆனால் இவ்வகை டயர் தார்ச்சாலையில் விரைவில் தேயும். ஈரத் தாரில் பிடிமானமும் குறைவு. பாதி தார், பாதி கல்பாதை என்று ஓட்டுவோருக்கு நடுத்தரப் பட்டனும் உறுதியான பக்கச்சுவரும் உள்ள டயரே ஏற்றது.

அளவைப் பெரிதாக்க நினைப்போர் கணக்குப் பார்க்க வேண்டும். 215/75 ஆர் 15 டயரின் குறுக்களவு ஏறக்குறைய 703 மி.மீ.; 235/75 ஆர் 15 டயருக்கு 733 மி.மீ. வண்டியின் அடிப்பகுதி உயர்வது 15 மி.மீ. மட்டுமே. ஆனால் சக்கரம் 4 சதவீதம் பெரிதாவதால் ஏற்றத்தில் இழுவை அந்த அளவு குறையும். பிரேக்குக்கும் வேலை கூடும். மேலும் அகன்ற டயர் ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது பட்டையிலோ மட்கார்டிலோ உரசலாம்.

பக்கச்சுவரில் உள்ள எண்களையும் படிக்கவும். சுமைக் குறியீடு 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும் ஆகும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23வது வாரம். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் ஓட்டுவது விதிக்குப் புறம்பு. சேற்றுப் பாதைக்கு அதற்கு வெகு முன்பே மாற்றிவிட வேண்டும்.

ஒரே அச்சில் ரேடியல் ஒன்றும் நைலான் ஒன்றுமாக மாட்டக் கூடாது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவிலும், ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருக்க வேண்டும். இல்லாவிடில் கியர் பெட்டிக்குக் கேடு.

சேற்றில் சிக்கினால் காற்றைச் சிறிது குறைத்து மெதுவாக வெளியேறலாம். தார்ச்சாலை ஏறும் முன் மீண்டும் சரியான அளவுக்கு நிரப்ப வேண்டும். குறைந்த காற்றுடன் வேகமாக ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும்.

ஸ்பிரிங் பட்டை

பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நீள அகலம் மாறாமல் 8 மி.மீ. பட்டைக்குப் பதில் 10 மி.மீ. பட்டை போட்டால் விறைப்பு ஏறக்குறைய இரு மடங்காகும். காலி வண்டி துள்ளும். சக்கரம் தரையை விட்டு எழுந்து பிடிமானம் போகும். தக்காளியும் வாழையும் அடிபடும். எனவே தொய்ந்த பட்டையை அதே கனமுள்ள புதிய பட்டையாக மாற்றுவதே முறை. சில நாட்கள் மட்டும் முழுப் பாரம் ஏற்றுவோர், பாரம் வந்தபின் மட்டுமே வேலை செய்யும் ஹெல்ப்பர் பட்டையைச் சேர்க்கலாம். யூ போல்ட்டைச் சில நாள் ஓட்டத்திற்குப் பின் மீண்டும் இறுக்க வேண்டும்.

ஷாக் அப்சார்பர் பாரத்தைத் தாங்காது. துள்ளலை அடக்குவதே அதன் வேலை. வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் இரண்டு மூன்று முறை ஆடினாலோ, எண்ணெய் கசிந்தாலோ அது ஓய்ந்துவிட்டது. ஒரே அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்றவும்.

உயர்த்துதல் வேண்டாம்

உயரமான ஷேக்கிளோ ஸ்பிரிங்கோ போட்டால் சேஸ்தான் உயரும். அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் அதே உயரத்தில்தான் இருக்கும்; கல்லில் இடிப்பதும் அதுவே. வண்டி உயர்ந்தால் புரொப்பல்லர் ஷாஃப்டின் ஜாயிண்ட் விரைவில் தேயும், பிரேக் குழாய் இழுபடும், சாய்வான வளைவில் கவிழும் அபாயம் கூடும். ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடை செய்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதிலும் சிக்கல் எழலாம்.

ஆகவே புஷ், டயர், ஷாக் அப்சார்பர், பட்டை என்ற வரிசையில் செலவு செய்வீர். ஒவ்வொன்றையும் மாற்றியபின் சில நடை ஓட்டிப் பார்த்து, தேவையெனில் மட்டும் அடுத்ததைத் தொடவும். ஐப்பசி மழைக்கு முன்பே இவ்வேலைகளை முடித்துக்கொண்டால், அறுவடை நேரத்தில் வண்டி வழியில் நிற்காது.