பட்டையோடு விளிம்பையும் பார்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ஆய்வுத் திட்டத்தை நிதானமாக வாசித்தேன். கேலக்ஸியின் நடுவில் இருக்கும் பட்டை, வாயுவை எப்படி மையத்துக்கு இழுத்து வருகிறது என்பது நல்ல கேள்வி. அதற்கு என்ஜிசி 4921 என்ற பட்டைச் சுருளை எடுத்துக்கொண்டதும் சரிதான். ஆனால் அது வெட்டவெளியில் தனியாகச் சுழல்வதுபோல் நீ எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அது குடியிருப்பது சுமார் 32 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோமா கொத்தில். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் இருக்கின்றன. அவை ஓடுகிற வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைக் கட்டிவைக்கப் போதாது என்று ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி 1933-இல் காட்டியது உனக்குத் தெரியும். கேலக்ஸிகளுக்கு நடுவே உள்ள இடமும் காலியாக இல்லை. கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள மெல்லிய வாயு அங்கே நிரம்பி, எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது. காற்றே வீசாத நாளிலும் பைக்கில் போனால் முகத்தில் காற்று அறைகிறதல்லவா? அதேபோல, விரைந்து செல்லும் கேலக்ஸியின் மீது இந்த வாயு மோதி, அதன் சொந்த வாயுவைத் தள்ளிக்கொண்டு போகிறது. புது விண்மீன் பிறக்க வேண்டிய சரக்கே குறைந்துபோகிறது. சிட்னி வான் டென் பெர்க் 1976-இல் இப்படி வாயு வற்றிய சுருள்களைச் சோகை பிடித்தவை என்று வகைப்படுத்தினார். 4921 அதற்குப் பேர்போன உதாரணம்.

வாயுவே இப்படிப் பறிபோகும் இடத்தில், பட்டை மட்டும் என்ன செய்கிறது என்று எப்படிப் பிரித்துச் சொல்வாய்?

கணினி மாதிரியைத் திறப்பதற்கு முன் ஹப்பிள் படங்களைத் திற. மஞ்சள் வடிகட்டியில் 50, அண்மை அகச்சிவப்பில் 30 என்று எடுத்த படங்கள் அவை. செஃபீட் விண்மீன்களைத் தேடி எடுத்தவை, பிறகு வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லின. முதலில் வடமேற்கு விளிம்புக்குப் போ. கேலக்ஸி முன்னேறும் பக்கம் அது. ஏறத்தாழ 65,000 ஒளியாண்டு நீளத்துக்குத் தூசி ஒரே வரப்பாக ஒதுங்கிக் கிடக்கும். படத்தைப் பெரிதாக்கினால் அதில் மெல்லிய இழைகள் தெரியும். அடர்த்தியான முகில்கள் நகர மறுத்து நிற்க, சுற்றியிருந்த லேசான வாயு அடித்துச் செல்லப்பட்டிருக்கிறது. அந்த முகில்களை அக்கம்பக்கத்தோடு காந்தப்புலம் பிணைத்து வைத்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இந்தக் கேலக்ஸியிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான், கயல்.

ஒன்று செய். தனித்து வாழும் பட்டைச் சுருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 4921-ஓடு ஒப்பிடு. இரண்டிலும் மையத்தை எட்டும் வாயு எவ்வளவு என்று கேள். உன் கேள்வி மாறப்போவதில்லை, வரும் பதிலை நம்ப முடியும். வேலை கூடும்தான், ஆறு மாதம் தள்ளிப்போனாலும் போகட்டும். திருத்திய முதல் பகுதியை உன் வழிகாட்டிக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை