பழைய அமீகாவுக்குப் புதிய வேகம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொமடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் திவாலாகிக் கடையைக் கட்டிவிட்டது. அது செய்த அமீகா 1200-க்கோ இன்றும் புதிதாக ஆக்ஸிலரேட்டர் கார்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. 1992 கடைசியில் ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்த இயந்திரம் அது. கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடக்கம். கவிழ்த்துப் பார்த்தால் வயிற்றில் ஒரு சிறு மூடி. கழற்றினால் கார்டு செருகும் இடம். செருகியதும் போர்டிலுள்ள ப்ராசசர் ஒதுங்கிக்கொள்ளும், கார்டிலுள்ளது பொறுப்பேற்கும். விஷயம் இவ்வளவுதான். அதைச் சுற்றிக் கிளம்பிய கதைகள்தான் ஏராளம்.

நம்பிக்கை: மெகாஹெர்ட்ஸ் எத்தனை மடங்கோ, வேகமும் அத்தனை மடங்கு.

1200-இன் சொந்த ப்ராசசர் மோட்டோரோலா 68இசி020, 14 மெகாஹெர்ட்ஸ். ஜெர்மனியின் ஃபேஸ் ஃபைவ் விற்ற, இன்றும் மவுசு குறையாத பிளிஸார்ட் 1230 கார்டில் இருப்பது 68030, 50 மெகாஹெர்ட்ஸ். மூன்றரை மடங்கு என்று கணக்குப் போட்டால் ஏமாறுவோம். 1200-இல் இருக்கும் 2 எம்பி நினைவகத்துக்கு ‘சிப் ராம்’ என்று பெயர். படம் காட்டும் சிப்பும் ஒலி எழுப்பும் சிப்பும் ப்ராசசரும் அந்த ஒரே குழாயடியில்தான் தண்ணீர் பிடித்தாக வேண்டும். திரை வரைவது நிற்கக் கூடாது என்பதால் காத்திருப்பது பெரும்பாலும் ப்ராசசர்தான். ப்ராசசருக்கு மட்டுமே சொந்தமான ‘ஃபாஸ்ட் ராம்’ கொஞ்சம் சேர்த்தால் போதும், அதே 14 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். மறுபக்கம், பிளிஸார்டை வாங்கி அதில் ராம் ஸ்டிக் செருகாமல் விட்டால், 50 மெகாஹெர்ட்ஸும் பழைய வரிசையில் போய் நிற்கும். 68030-க்கு உள்ளே இருக்கும் கேஷ் என்ற சிறு நினைவகம் வெறும் 256 பைட் கட்டளைக்கு, 256 பைட் தரவுக்கு. அதை வைத்து எவ்வளவு நேரம் சமாளிப்பது?

ஃபாஸ்ட் ராம் வந்த பிறகும் ஒரு தடை அப்படியே இருக்கும். 1997 டிசம்பரில் டூம் கேமின் மூல நிரல் வெளியானதும் அமீகாக்காரர்கள் அதைத் தங்கள் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார்கள். டூம் ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்று எழுதும். அமீகாவின் 256 நிறத் திரையோ அந்தப் பைட்டின் 8 பிட்டுகளையும் எட்டுத் தனித்தனி அடுக்குகளில் கேட்கும். ப்ராசசர் ஒவ்வொரு படச் சட்டத்தையும் பிட் பிட்டாகப் பிரித்து அடுக்கி, சிப் ராமில் எழுத வேண்டும். பிரிக்கும் வேலை 68030-ஐவிட வேகமான 68060 ப்ராசசரில் பறக்கும். எழுதும் வழியின் அகலம் மட்டும் மாறாது: வினாடிக்குச் சுமார் 7 எம்பி. 640-க்கு 512 என்ற திரையில் ஒரு சட்டமே 320 கேபி. எவ்வளவு விலை கொடுத்து கார்டு வாங்கினாலும் அங்கே வினாடிக்கு இருபது சட்டங்களைத் தாண்டுவது பெரும்பாடு.

நம்பிக்கை: கார்டு போட்டால் எல்லா கேமும் வேகமாகும்.

குதித்து ஓடும் கேம்களில் பெரும்பாலானவை திரையின் துடிப்போடு, ஐரோப்பாவில் வினாடிக்கு 50 என்ற கணக்கோடு, கட்டப்பட்டவை. அவற்றில் ஒரு மாற்றமும் தெரியாது. 1993-இல் வந்த ஃபிரன்டியர் போல முப்பரிமாணக் கணக்குப் போடும் கேம்களில்தான் பலன் கண்ணுக்குத் தெரியும். சில கேம்கள் ஓடவே ஓடாது. ஆதி 68000 ப்ராசசர் முகவரிக்கு 24 பிட்டுகளை மட்டுமே வெளியே அனுப்பும். மிச்சம் 8 பிட் சும்மா கிடக்கிறதே என்று சில நிரலாளர்கள் அங்கே தங்கள் குறிப்புகளை ஒளித்துவைத்தார்கள். 68030 அந்த 8 பிட்டையும் முகவரியாகவே படித்து, இல்லாத இடத்துக்குப் போய் விழும். இதற்காகக் கார்டைப் பழிக்கக் கூடாது. இரண்டு மவுஸ் பட்டன்களையும் அழுத்திக்கொண்டு இயக்கினால் வரும் மெனுவில் கேஷை நிறுத்திப் பார்க்கலாம். அதிலும் சரிவராவிட்டால் டபிள்யூஎச்டிலோட் இருக்கிறது; கேமுக்கு ஒட்டுப்போட்டு ஹார்ட் டிஸ்கிலிருந்தே ஓட்டும்.

கணிதத் துணைச் சிப்பான எஃப்பியூ இருந்தால் கேம் பறக்கும் என்பதும் வீண் ஆசை. முப்பரிமாணப் படம் உருவாக்கும் மென்பொருளுக்குத்தான் அது உதவும். கேம்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதே இல்லை.

நம்பிக்கை: ராஸ்பெர்ரி பை செருகிவிட்டால் அது அமீகாவே இல்லை.

பைஸ்டார்ம் போன்ற கார்டுகளில் செருகும் பை என்ற சிறு கம்ப்யூட்டர் நடிப்பது முதலில் ப்ராசசராகத்தான். படமும் ஒலியும் கொமடோரின் அசல் சிப்களிலிருந்தே வரும். பையின் சொந்த எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை எடுத்தால் மட்டும் தூய்மைவாதிகள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மற்றபடி, வேகம் கூட்டுவதே அசலுக்குத் துரோகம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அமீகா 2000-க்கு 68030 பொருத்திய ஏ2630 கார்டைச் செய்து விற்றது கொமடோரேதான்.

நம்பிக்கை: செருகினால் போதும், ஓடும்.

வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். விலை குறைந்த 8 எம்பி ராம் கார்டுகள் சில, பக்கவாட்டு பிசிஎம்சிஐஏ துளையின் முகவரியில் போய் உட்கார்ந்துவிடும். 4 எம்பியாகக் குறைக்கும் ஜம்பர் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், 1200-இன் போர்டிலுள்ள சிறு கெபாசிட்டர்கள் கசிந்து செப்புத் தடங்களை அரிப்பவை. முப்பது வருடம் ஆன பவர் சப்ளையையும் நம்ப முடியாது. கெபாசிட்டர் மாற்றாத போர்டில் எந்தக் கார்டையும் செருகாதீர்கள். முதல் செலவு அதற்கு, அடுத்தது ராமுக்கு, மெகாஹெர்ட்ஸ் கடைசியில்.