மதகுகளும் சோதனையும்

மஸ்ஜித் இந்தியாவுக்கு அருகில் ஓடும் கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில், 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணைக்கட்டு உள்ளது. எந்த அணைக்கும் சுவரின் உறுதி மட்டும் போதாது. மதகுகளும் பழுதின்றி இயங்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 10-ஆம் நாள் இரவு, கர்நாடகத்தின் துங்கபத்திரை அணையில் 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்தது. மதகை வெள்ளம் அடித்துச் சென்றது. தற்காலிகத் தடுப்பைப் பொருத்துவதற்குள் ஏறக்குறைய ஒரு வாரம் கடந்தது. பெருமளவு நீரும் வெளியேறியது.

எனவே, பழைய அணையைச் சீரமைக்கும் முன், பொறியாளர்கள் மதகின் துரு, நீர்க்கசிவு, சங்கிலித் தேய்மானம், மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவிகள், மின்தடையின்போது உதவும் மின்னாக்கி ஆகியவற்றைச் சோதிக்கின்றனர். மதகை ஏற்றி இறக்கியும் பார்க்கின்றனர். அதன் பின்னரே எதைப் பழுதுபார்ப்பது, எதை மாற்றுவது என முடிவு செய்கின்றனர். அடைமழை நாளில் மதகு திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து. மூடாவிட்டால் தேக்கிய நீர் வீணாகும்.