குளிர்நாட்டுத் திராட்சையும் ரகத் தேர்வும்

பயிரிடுவோர் முதலில் அறியவேண்டுவது தம் நிலத்தின் சீதோஷ்ணமே ஆகும். பெயர்பெற்ற ரகம் என்பதற்காக ஒன்றை நட்டு, பின் ஆண்டுதோறும் பருவத்தோடு போராடுவது சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள மின்னசோட்டா மாநிலத் திராட்சைத் தோட்டங்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அங்குக் குளிர்காலத்தில் பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரையிலும் குளிர் இறங்குவதுண்டு. ஐரோப்பியத் திராட்சையின் மொட்டுகளோ பெரும்பாலும் பூஜ்யத்திற்குக் கீழே 20 முதல் 25 டிகிரிக்குள்ளேயே மடிந்துவிடும். ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊரில் 1973-ஆம் ஆண்டில் அலெக்ஸிஸ் பெய்லி தோட்டம் தொடங்கப்பெற்றபோது, பிரெஞ்சுக் கலப்பு ரகங்களே நடப்பட்டன. குளிர் தொடங்குமுன் கொடிகளைக் கம்பியினின்றும் அவிழ்த்துத் தரையில் கிடத்தி மண்ணால் மூடவேண்டும். வசந்தத்தில் மீண்டும் எடுத்துக் கட்டவேண்டும். கொடி பிழைத்தது, ஆயினும், ஆண்டுக்கு இருமுறை ஆள்கூலி ஏறிற்று. தன் தோட்டத்துப் பழத்தைக் கொண்டே ஒயின் செய்யும் சிற்றாலைக்கு இது பெருஞ்சுமை அன்றோ!

இதற்குப் பரிகாரம் ரகத்திலேயே இருந்தது. அண்டை மாநிலமான விஸ்கான்சினில் எல்மர் ஸ்வென்சன் என்ற விவசாயி, ஆற்றங்கரைகளில் தானே வளரும் காட்டுத் திராட்சையின் குளிர் தாங்கும் குணத்தை நல்ல பழ ரகங்களோடு சேர்க்க முற்பட்டு, 1943 முதல் ஒட்டுக்கலப்புச் செய்துவந்தார். தாம் கண்ட ரகங்களின் நடவுக்குச்சிகளைக் கேட்டவர்க்குத் தாராளமாய் வழங்கினார். மின்னசோட்டாப் பல்கலைக்கழகமும் இத்துறையில் உழைத்து, 1996-இல் ஃபிரான்டெனாக், 2002-இல் லா கிரசென்ட், 2006-இல் மார்க்கெட், 2017-இல் இட்டாஸ்கா ஆகிய ரகங்களை வெளியிட்டது. இவற்றை மண்ணில் புதைக்கவேண்டுவதில்லை.

எனினும், குறையற்ற ரகம் எதுவுமில்லை. ஃபிரான்டெனாக் கடுங்குளிரைத் தாங்கும். ஆனால் பழத்தில் புளிப்பு மிகுதி. மார்க்கெட் சிறந்த சிவப்பு ஒயினைத் தரும். ஆனால் சீக்கிரம் துளிர்ப்பதால், வசந்தகாலப் பின்பனியில் துளிர் கருக நேரிடும். ஆதலின், பனி தேங்கும் பள்ளத்தை விடுத்து, அதனை மேட்டுச் சரிவில் நடுதல் நன்று. வெண்ணிற ரகமான இட்டாஸ்காவில் புளிப்புக் குறைவு.

ஆகவே, எந்த ரகத்தையும் நடுமுன் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு: நம் பருவத்தின் கடுமையை அது தாங்குமா? துளிர்க்குங் காலத்தில் ஆபத்து உண்டா? நமக்குள்ள நாட்களுக்குள் காய் பழுக்குமா? அதனைக் காக்க ஆகும் கூலியை விளைச்சல் ஈடுசெய்யுமா?

இக்கேள்விகளுக்கு விடைகாணச் சில ஆண்டுகள் பிடிக்கும். தனியொருவர் தம் நிலம் முழுவதையும் பணயம் வைத்துச் சோதித்தல் இயலாது. அங்கத்தினர் ஒவ்வொருவரும் சில செடிகளை மட்டும் நட்டுக் கணக்கெழுதி, கண்டதைச் சங்கக் கூட்டத்தில் ஒளிக்காது கூறுவாராயின், ஒருவர் அடையும் சிறு நஷ்டம் அனைவரையும் பெருநஷ்டத்தினின்றும் காக்கும். கூட்டுறவின் பயன் இதுவே.